தொப்பிக்காரன் நின்ற இடம்

அந்தத் தொப்பிக்காரன் நல்லவனா கெட்டவனா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. உங்களில் யாருக்காவது பிடிபட்டிருந்தால் சொல்லுங்கள். போன மாதம் நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் 'அந்த வீடியோ கேம் ஞாபகம் இருக்கா' என்று சும்மா ஒரு வரி போட்டேன். அவ்வளவுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அது கார் ஓட்டுகிற விளையாட்டு என்கிறார் ஒருவர். அப்படி ஒரு பெட்டி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை, கோலா தெர்லாவில் தன் பெரியப்பா வீட்டில்தான் இருந்தது என்று சத்தியம் பண்ணுகிறாள் ஒருத்தி. அதில் தொப்பிக்காரனே கிடையாது என்கிறார் இன்னொருவர். நரைத்த தலைக்கு மை பூசிக்கொண்டும் நாம் சண்டை போடுகிற லட்சணம் மட்டும் மாறவில்லை.

அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். தெரிந்தது என்று சொல்வதுகூடத் தப்புதான். அந்த விடுமுறையில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு தடவை நினைத்துப் பார்க்கும்போதும் அது ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

அக்கா மூன்றாம் படிவப் பரீட்சை எழுதி முடித்த வருடம் அது. நான் தமிழ்ப் பள்ளியில் நான்காம் ஆண்டு. கம்போங் ராஜா பக்கத்து வருடக் கடைசி மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் துவைத்துப் போட்ட துணி மறுநாளும் அப்படியே சொட்டிக்கொண்டிருக்கும். வீடு முழுக்க ஈரச் சாக்கு வாடை. காற்று திரும்பினால் ஃபேக்டரியிலிருந்து வறுத்த தேயிலை வாசம் வரும். அந்த வாசம் வந்தால் எனக்குப் பசிக்கும். தேயிலையை யாரும் தின்பதில்லை, ஆனாலும் பசிக்கும்.

அந்த மழையில்தான் அம்மா கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாள். டவுனுக்குக் கொண்டுபோய் முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். முன்னறையில் டிவிக்கு எதிரே பாயைப் போட்டு, அப்பா கொண்டுவந்த முட்டைக்கோஸ் சாக்கை மடித்து, அதன் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மா படுத்திருந்தாள். பகலில் அம்மா படுத்திருந்து நான் பார்த்ததே அப்போதுதான். எனக்கு அது பயமாக இருந்தது.

அப்பா நம் தோட்டத்து ஆள் இல்லை என்பது உங்களில் சிலருக்கு மறந்திருக்கும். அவர் திரிங்காப்பில் ஒரு சீன முதலாளித் தவுக்கேயிடம் காய்கறி லோரி ஓட்டினார். லயத்து வீடு அம்மாவின் வேலைக்காகக் கிடைத்தது. தோட்டத்தில் பேர் இருக்கிற வரைக்கும்தான் வீடு. அந்தப் பேருக்கு உரிய கால் இப்போது முட்டைக்கோஸ் சாக்கின் மேல் இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் தோட்டத்து ஆள்கணக்கு எழுதுகிற கிராணியார் வந்தார். நம் ஆபீஸ் கிராணியாருக்கு ஒரு தொப்பி உண்டே, மழைக்கும் வெயிலுக்கும் அதே தொப்பி. சப்பாத்தில் சேறு இருந்ததால் உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"கால் ஆற நாளாகும் போல. பெரிய பொண்ணு பேரை எழுதிப்புடலாம், என்ன?" என்றார் கிராணியார்.

"சரிங்க ஐயா" என்றார் அப்பா.

அம்மா பாயிலிருந்து தலையைத் தூக்கினாள். அக்கா அடுப்படியில் இருந்தாள். சட்டியைக் கழுவுகிற சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது. கிராணியார் உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஏன் நிற்கிறார், போனால் என்ன என்றுதான் எனக்கு இருந்தது. அப்பாவின் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அக்கா நான்காம் படிவம் போகப்போவதில்லை என்பது அப்படித்தான் முடிவானது. யாரும் அழவில்லை, கத்தவில்லை. அக்கா அன்று சாயங்காலமே அம்மாவின் சாக்கை எடுத்து விரித்துப் பார்த்தாள். கொழுந்து எடுக்கும்போது ஈரம் படாமல் இடுப்பில் கட்டுவார்களே, அந்தச் சாக்கு. அவளுக்கு அது நீளம். வெட்டித் தைக்க வேண்டும்.

மறுநாளோ அதற்கும் மறுநாளோ அப்பா ஒரு பெட்டியோடு வந்தார். தவுக்கேயின் மகனுக்குப் புதிய மெஷின் வந்துவிட்டதாம், பழைய வீடியோ கேமைக் கொஞ்ச நாளுக்கு எடுத்துப் போகச் சொன்னானாம். நான் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அப்பா என்னைத் தாண்டிப் போய் அதை அக்காவின் முன்னால் வைத்தார்.

"ஒனக்குத்தான்" என்றார்.

அக்கா பெட்டியைப் பார்த்தாள். "தங்கச்சி வெளையாடட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அப்பாவின் முகம் போன போக்கை அன்றைக்கு நான் கவனித்தேனா, இல்லை பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

செய்தி எப்படித்தான் பரவியதோ, அரை மணி நேரத்தில் நீங்கள் எல்லாரும் எங்கள் வீட்டில். அட்டைப் பெட்டியின் மேலே ஒரு சிவப்புக் கார் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறந்தது. கார் விளையாட்டு என்று அடம்பிடிக்கிற நண்பரே, உங்களுக்கு ஞாபகம் இருப்பது அந்தப் படம்தான். அப்பா ஒயரைச் சொருகி, "கண்டதையும் அமுக்காதீங்க, டிவி டியூப் பொசுங்கிடும். பெட்டி வேற நம்மளது இல்ல" என்று மிரட்டிவிட்டு டிவியைப் போட்டார். கார் வரவில்லை. வேறு ஏதோ காசெட்டை மாற்றிப் போட்டு வைத்திருக்கிறான் அந்தப் பையன். நம் கறுப்பு வெள்ளைத் திரையில் முதுகில் கூடையோடு ஒரு சின்ன ஆள் நின்றான். சுற்றிலும் சாம்பல் நிறப் பனி. புதர்களில் அங்கங்கே வெள்ளையாகக் கொழுந்து. பொத்தானை அமுக்கினால் குனிந்து பறித்துக் கூடையில் போட்டான்.

பிறகு உங்களில் ஒருவர்தான் சொன்னார். "என்னாலா இது, கொழுந்து பறிக்கிற கேமா? இதுக்கு நம்ம மலைக்கே போலாம்."

அப்படிச் சிரித்தோம். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை, கவனித்தீர்களா? அந்தச் சின்ன ஆளை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால் அவன் மூச்சு வாங்குவான். தோள் ஏறி இறங்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்வான். எங்கிருந்தோ ஒரு நாய் வந்து அவன் பக்கத்தில் படுக்கும். அந்த நாய்க்காகவே நாம் அவனை எவ்வளவு நேரம் சும்மா விட்டுப் பார்த்திருப்போம். வந்தால் வரும், வராவிட்டால் வராது. அதற்கு ஒரு மெட்டு உண்டு, முடியப்போகிற மாதிரி போய் முடியாமல் மறுபடி தொடங்கும். ஏமாந்துபோய் உட்கார்ந்த விளையாட்டு, நான்கைந்து நாளில் சோற்றைக்கூட மறக்கடித்தது. கார் வந்திருந்தால் ஒரு வாரத்தில் அலுத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

எழுத்துதான் ஒன்றும் புரியவில்லை. தவுக்கே மகனிடம் அப்பா கேட்டதற்கு, இது சீன எழுத்தே இல்லை, ஜப்பான்காரன் எழுத்து என்று சொல்லிவிட்டானாம். ஆக நாமே சட்டம் போட்டுக்கொண்டோம். புதர் நிரையின் கடைசியில் ஒரு தொப்பிக்காரன் நிற்பான். கிட்டே போனால் ஒரு கட்டம் வரும், அதில் மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. மேல் வரியை ஓர் அம்பு காட்டிக்கொண்டு நிற்கும். தொப்பி போட்டவர் நிற்கிறார், அம்பு வேறு காட்டுகிறது, அப்புறம் என்ன? அமுக்கினோம். அவன் கூடையை வாங்கிக்கொள்வான், திரை இருட்டாகும், மறுபடி முதல் நிரையில் வெறுங்கூடையோடு நிற்போம். இதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. பறித்ததை நிறுவையில் கொடுக்க வேண்டும், மறுநாள் முதலிலிருந்து பறிக்க வேண்டும். நம் அம்மாமார் எல்லாரும் அதைத்தானே செய்தார்கள்? நாள் முடிந்தது என்று கைதட்டினோம்.

ஒரே ஒரு தடவை உங்களில் ஒருவர் அம்பைக் கீழே இறக்கப் பார்த்தார். "டேய், கிராணியார்கிட்டயே மாட்டேன்னு சொல்றியா? கேம் கெட்டுடும்டா!" என்று எல்லாருமாக அவர் கையிலிருந்து பிடுங்கினோம். நானும் பிடுங்கினேன்.

உபதேசியார் வந்ததும் அந்த நாட்களில்தான். அம்மாவின் காலுக்காக ஜெபிக்க வந்தார். மெஷினை நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லிவிட்டு ஜெபித்தார், ஒற்றைக் கண்ணைத் திறந்தபடி. ஆமென் சொன்ன கையோடு திரையைக் காட்டி, "யாரது, மேய்ப்பரா?" என்றார். இல்லைங்க, கிராணியார் என்றோம். அப்பாவுக்கு அவன் தவுக்கே மாதிரி இருந்தானாம். ஒரே தொப்பியில் ஆளுக்கு ஒருவரைப் பார்த்தோம்.

அம்மா முதலில் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். கண்ணு போயிடும், கரண்டு போயிடும், பொம்பளப் புள்ளைக்கு என்ன இது என்று. ஆனால் படுத்த இடத்தில் எதிரே டிவி. வேறு எங்கே பார்ப்பாள்? மெல்ல மெல்ல, "அந்தப் பக்கம் ஒண்ணு விட்டுட்ட பாரு" என்று சொல்லத் தொடங்கினாள். பிறகு ஒரு சாயங்காலம் கையை நீட்டினாள்.

"குடு, நானும் ஒரு தடவ பாக்குறேன்."

நாம் எப்படிச் சிரித்தோம்! அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு புதர் விடாமல், அவசரமில்லாமல், வரிசையாகப் பறித்துக்கொண்டே போனாள். வழியில் நாய் வந்தது. தொப்பிக்காரன் வந்தான். கட்டம் வந்தது, அம்பு வந்தது. அம்மா அமுக்கவில்லை.

"அமுக்கும்மா" என்றேன்.

"இரு. இவன் நிக்கிறானே."

"அவன் அப்பிடித்தாம்மா நிப்பான். மேல உள்ளத அமுக்கு."

"அமுக்கலாம் இரு. அவன் ஒண்ணும் அவசரப்படுத்தல. நீங்கதான் பறக்குறீங்க."

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனும் நின்றுகொண்டே இருந்தான். அடுப்பில் கேத்தல் கொதித்துத் தணிந்தது. அக்கா கத்தரியால் சாக்கை வெட்டுகிற சத்தம் மட்டும் கரகரவென்று கேட்டது. அம்மா ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்பைக் கீழே இறக்கி அமுக்கினாள்.

டியூப் பொசுங்கவில்லை. தொப்பிக்காரன் ஓர் அடி ஒதுங்கி நின்றான். சின்ன ஆள் கூடையோடு அவனைத் தாண்டிப் போனான். அந்தப் பக்கம் ஒரு பாலம், கீழே தண்ணீர், எதிர் மலை முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக விளக்குகள் எரியத் தொடங்கின. அத்தனை நாளும் முடியாமல் சுற்றிக்கொண்டிருந்த அந்த மெட்டு வேறு மெட்டாக மாறியது. நீங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. அக்கா முதல்முறையாக டிவி பக்கம் திரும்பினாள். கத்தரி கையிலேயே இருந்தது.

அம்மா அவளையே பார்த்தாள். "அத வெட்டாத. அங்க வை" என்றாள்.

"பாதி வெட்டிட்டேன்ம்மா."

"பரவால்ல. வை."

மறுநாள் காலையில் மண்வெட்டிக் காம்பை ஊன்றிக்கொண்டு அம்மா ஆபீசுக்கு இறங்கினாள். குடை பிடிக்க நான் கூடப் போனேன். மாவுக்கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பையைச் சுற்றியிருந்தோம். கிராணியார் எங்களைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"ஏம்மா, இந்தக் காலோட எதுக்கு எறங்குன?"

"ஐயா, பெரியவ பேரு வேணாங்க. அவ ஸ்கூலுக்குப் போவட்டும். கால் ஆறுனதும் நானே காலைல பெரட்டுக்கு வந்து வேலைக்கு நிக்கிறேன்."

என் கையில் குடை நடுங்கியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிராணியார் அம்மாவைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார்.

"வேணாமா? சரி. நான் அன்னைக்கே கேட்டேன்லா, ஒன் வீட்டுக்காருதான் சரின்னாரு."

"வீடுங்க ஐயா?"

"பொங்கலுக்குள்ள வந்துடுவியா?"

"வந்துடுறேங்க."

"அப்ப வீட்டுக்கு என்ன? வீடு அங்கதான் இருக்கும்."

அவ்வளவுதான் நடந்தது. திரும்பி மேடு ஏறும்போது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயமா இது? அப்படியானால் வீட்டில் இத்தனை நாளாக எல்லாரும் எதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தோம்?

சாயங்காலம் அப்பாவிடம் அம்மா சொன்னாள். அப்பா வெளிறிப் போனார். "வீட்ட விட்டு எறக்கிட்டா புள்ளைங்களோட எங்க போவ?"

"கேட்டேன். எறக்க மாட்டேன்னாரு."

"கேட்டியா? அவர்கிட்டயா?"

அப்பாவைக் கோழை என்று நான் வெகு காலம் நினைத்திருந்தேன். அது தப்பு. 'சரிங்க' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு பெண் பிள்ளைகளையும் ஒரு வீட்டையும் காப்பாற்றிவிடலாம் என்று நம்பிய மனிதர் அவர். அவருக்கு வேறு வார்த்தையை யாரும் கொடுத்திருக்கவில்லை. ஆனால் மறுநாள் நாம் எழுந்து வந்து பார்த்தபோது டிவிக்குக் கீழே பெட்டி இல்லை. தவுக்கே வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபத்தில் கொடுத்தாரா, வெட்கத்தில் கொடுத்தாரா, இல்லை அக்காவின் படிப்புக்கு ஈடாகக் கொண்டுவந்த பொருளுக்கு இனி வேலை இல்லை என்று நினைத்தாரா? கேட்டிருக்கலாம். அவர் இருந்தவரை கேட்கத் தோன்றவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று நாம் யாரும் பார்க்கவே இல்லை.

அம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். எலும்பு சரியாகக் கூடும் முன்பே கூடையைத் தூக்கினாள். அதனால்தான் இன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள். அக்கா நான்காம் படிவம் போனாள், ஐந்தாம் படிவம் போனாள், நர்சானாள். பாதி வெட்டிய சாக்கு எங்கள் வீட்டு வாசலில் மிதியடியாகக் கிடந்து நைந்து போனது.

இப்போது போன கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். ஈப்போவில் அக்கா வீட்டில் கூடியிருந்தோம். அம்மா நாற்காலியில், அந்தக் கால் முக்காலியின் மேல். நான் பழைய கதையைச் சொல்லப்போக, அக்காவின் மகள், "இருங்க சித்தி" என்று கணினியில் எதையோ தேடினாள். நாயும் கூடையும் தொப்பியும் போதும், கண்டுபிடித்துவிட்டாள். அதே மெட்டு.

ஆனால் கலரில் இருந்தது. அங்கேதான் என் தலை சுற்றத் தொடங்கியது. நாம் பறித்தது கொழுந்தே இல்லை. மஞ்சளாக மினுக்கிக்கொண்டிருந்தது. மின்மினிப்பூச்சிகள்! பனி என்று நாம் நினைத்தது பனி இல்லை, இரவு. தொப்பிக்காரன் வந்ததும் மகள் கைப்பேசியை எழுத்துக்கு நேராகப் பிடித்தாள். அது படித்துச் சொன்னதை அவள் எங்களுக்குத் தமிழில் சொன்னாள்.

"இருட்டிடுச்சு. நீ களைச்சிருப்பே. இன்னைக்கு இங்கேயே நிறுத்திக்கிறியா? இன்னும் கொஞ்சம் போறியா?"

மேல் வரி, நிறுத்திக்கொள்கிறேன். கீழ் வரி, போகிறேன்.

நான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். அவன் எதையும் பிடுங்கவில்லை. கேட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறான். தொப்பி போட்ட ஒருவன் நம்மிடம் கேட்கவும் கூடும் என்பது அந்த லயத்தில் ஒரு பிள்ளைக்குக்கூடத் தோன்றவில்லை என்றால், நாம் எப்படி வளர்ந்திருக்கிறோம்? எனக்கு அழுகை வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை.

அக்காவும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும். "அப்ப கிராணியாரும் அன்னைக்குக் கேக்கத்தான் செஞ்சாராம்மா?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் அம்மா. "நான் போனப்ப கேட்டாரு. அப்பாகிட்ட கேட்டாரான்னு எனக்குத் தெரியல. நான் போனதாலதான் கேட்டாரோ என்னவோ."

"ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"பயந்தான். குடை ஆடுனிச்சே, அது இவளால இல்ல. இவ தோளப் புடிச்சிருந்தது என் கையி."

இத்தனை வருடமாக நடுங்கியது நான் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா மகள் பொத்தான்கள் உள்ள விசைப்பெட்டியை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா வாங்காமல் அக்காவைக் காட்டினாள். "அவகிட்ட குடு. அவ ஒரு நாளும் வெளையாடல."

அக்காவுக்கு எந்தப் பொத்தான் எதற்கு என்றே தெரியவில்லை. தடுமாறித் தடுமாறிப் பறித்துக்கொண்டு போனாள். நாய் வந்தது. தொப்பிக்காரன் வந்தான். கட்டம் வந்தது, அம்பு வந்தது. எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட அந்த விரல் பொத்தானின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அக்கா தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

"அவசரமில்லலா" என்றாள் அம்மா. "நீ யோசி. அவன் நிப்பான்."